கல்லூரிக்கு அனுப்பினோம், பேச மறந்தோம்

(நமது கூட்டமைப்பின் ஆண்டு விழாவில் குழு ஊக்குநர் ஒருவர் ஆற்றிய உரை)



‘குழுவால் நான் அடைந்த முன்னேற்றம்’ என்ற தலைப்புல என்னைப் பேசச் சொல்லியிருந்தாங்க. போன வருஷமும் அதைத்தான் பேசினேன். ரெண்டு மாடு நாலு மாடானது, கூரை வீடு ஒட்டு வீடானது, பையன் இன்ஜினியரிங் காலேஜுக்குப் போறது எல்லாம் சொன்னேன். நீங்களும் கை தட்டினீங்க. இந்த வருஷம் வேற ஒண்ணு பேசணும்னு தலைவி அக்காகிட்ட அனுமதி கேட்டேன். கொடுத்தாங்க. இதைப் பேச எனக்குக் கூச்சமாத்தான் இருக்கு. ஆனா பேசாம விட்டா இங்க இருக்கிற இன்னொரு அம்மாவுக்கும் அந்த ராத்திரி வரும்.

நம்ம தருமபுரி மாவட்டத்துக்கு ரெண்டு பெருமை உண்டு. தமிழ்நாட்டில் அரசு உதவியோடு மகளிர் சுய உதவிக் குழுக்கள் முதன்முதலில் 1989-ல் தொடங்கினது நம்ம மாவட்டத்துலதான். அதுக்கு முன்னாடி, 1937-ல் ராஜாஜி முதல்முதலா மதுவிலக்கு கொண்டு வந்தது சேலம் மாவட்டத்துல. அப்ப தருமபுரி சேலத்தோடதான் இருந்தது. அதாவது குடிக்கு எதிரான முதல் சட்டம் நம்ம மண்ணுலதான் வந்தது. அது பின்னாடி எப்படி வந்து எப்படிப் போச்சுங்கிறது உங்களுக்குத் தெரியும். 1971-ல் நிறுத்தினாங்க, 1974-ல் மறுபடி கொண்டு வந்தாங்க, 1981-ல் மறுபடி கடை திறந்தாங்க. 2003-ல் இருந்து சில்லறைக் கடையையும் டாஸ்மாக்கே நடத்துது.

2016 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் நெடுஞ்சாலை ஓரத்துல மதுக்கடை கூடாதுன்னு சொன்னப்ப, அடுத்த வருஷம் கடைகளை ஊருக்குள்ள மாத்தப் பார்த்தாங்க. தமிழ்நாடு முழுக்கப் பெண்கள் ரோட்டுல உட்கார்ந்தாங்க. நம்ம ஊர்லயும் உட்கார்ந்தோம். வெயில்ல முதல் வரிசையில உட்கார்ந்து கோஷம் போட்டது நான்தான். அதனால குடியைப் பத்தி எனக்கு எல்லாம் தெரியும்னு நினைச்சுக்கிட்டு இருந்தேன்.

என் வீட்டுக்காரர் கொத்தனார். குடிப்பார். சாயங்காலம் வேலை முடிஞ்சு ஒரு குவார்ட்டர். ஒளிக்க ஒண்ணும் இல்லை, ஊருக்கே தெரியும். அதனால குடின்னா எனக்குத் தெரிஞ்சது அந்த ஒரு மாதிரிதான். தினமும் வாடை வரும், கூலி குறையும், நடை தள்ளாடும், வீட்டுல சத்தம் வரும். என் பையன்கிட்ட இதுல ஒண்ணும் இல்லை. அதனால பயமே இல்லாம இருந்தேன்.

2024-ல் பையன் கோயம்புத்தூர் பக்கம் ஒரு கல்லூரியில சேர்ந்தான். எங்க ரெண்டு குடும்பத்துலயும் முதல் பட்டதாரி. படிப்புக் கட்டணத்துல சலுகை கிடைச்சது. விடுதிக்கு நம்ம கூட்டமைப்புல 40,000 ரூபாய் கடன் வாங்கினேன். அரசுப் பள்ளியில படிச்சதால தமிழ்ப் புதல்வன் திட்டத்துல மாசம் ஆயிரம் ரூபாய் அவன் கணக்குக்கே வரும்னாங்க. பெட்டி கட்டிக் கொடுக்கும்போது தலையணை, வாளி, ஊறுகாய், எல்லாம் வச்சேன். குடியைப் பத்தி ஒரே ஒரு வார்த்தைதான் சொன்னேன். “உங்கப்பன் மாதிரி குடிச்சேன்னு தெரிஞ்சுது, இந்த வீட்டுப் படியை மிதிக்காத.” அதோட என் கடமை முடிஞ்சுதுன்னு நினைச்சேன்.

அவன் போய் அஞ்சாவது வாரம். தீபாவளிக்கு முந்தின வாரம், சனிக்கிழமை. ராத்திரி பன்னிரண்டுக்கு ஒரு பையன் போன் பண்ணினான். “அம்மா, நான் அவன் ரூம்மேட் பேசறேன். அவனுக்கு உடம்பு முடியலை. 108-ல ஏத்திட்டோம். பெரிய ஆஸ்பத்திரிக்குப் போயிட்டிருக்கோம்.” என்னாச்சுப்பான்னு கேட்டா சொல்ல மாட்டேங்கிறான். அழறான்.

நானும் வீட்டுக்காரரும் தருமபுரி வந்து சேலம் பஸ் ஏறி, சேலத்துல இருந்து கோயம்புத்தூர் பஸ் பிடிச்சு, போய்ச் சேரும்போது விடிஞ்சிருந்தது. அந்தப் பயணத்துல நாங்க ரெண்டு பேரும் ஒரு வார்த்தை பேசிக்கலை.

பையன் கண்ணைத் திறந்து படுத்திருந்தான். கையில குளுக்கோஸ் ஏறிக்கிட்டு இருந்தது. டாக்டரம்மா தனியா கூப்பிட்டுச் சொன்னாங்க. மத்தியானத்துல இருந்து ஒண்ணும் சாப்பிடாம, ஒரு குவார்ட்டருக்கும் மேல அரை மணி நேரத்துல குடிச்சிருக்கான். ரத்தத்துல சர்க்கரை ரொம்ப இறங்கிப் போயிருந்தது. மயக்கத்துல வாந்தி எடுத்திருக்கான். அந்த ரூம்மேட் பையன் அவனை ஒருக்களிச்சுப் படுக்க வச்சிருந்ததால, வாந்தி மூச்சுக்குழாய்க்குள்ள போகலை.

இதுக்கப்புறம் தெரிஞ்சதுதான் என்னை இன்னைக்கு வரைக்கும் உறுத்துது. அவன் மயங்கினது ஒன்பதரை மணிக்கு. ஆம்புலன்ஸுக்குப் போன் போட்டது பதினொன்றரைக்கு. நடுவுல ரெண்டு மணி நேரம் பசங்க என்ன பண்றதுன்னு தெரியாம உட்கார்ந்திருக்காங்க. வார்டனுக்குத் தெரிஞ்சா விடுதியை விட்டு அனுப்பிடுவாங்கன்னு ஒரு பயம். இன்னொண்ணு, நினைவு தப்பறதுக்கு முன்னாடி என் மகன் அவங்க கையைப் பிடிச்சுக் கெஞ்சியிருக்கான். “எங்கம்மாகிட்ட மட்டும் சொல்லிடாதீங்கடா. வீட்டுல சேர்க்க மாட்டாங்க.”

அக்கா தங்கச்சிங்களே, நான் அவனைக் காப்பாத்தணும்னு சொன்ன வார்த்தைதான் அந்த ரெண்டு மணி நேரம் அவனைக் காப்பாத்த விடாம நின்னுச்சு.

ஊருக்கு வந்ததும் நான் இன்னொரு தப்பு பண்ணினேன். ஆஸ்பத்திரிக்குப் போய் வந்த செலவுக்குக் குழுவுல 6,000 ரூபாய் உள்கடன் கேட்டேன். என்ன காரணம்னு கேட்டாங்க. பையனுக்கு டெங்கு மாதிரி காய்ச்சல்னு சொன்னேன். தீர்மானப் புத்தகத்துல ‘மகன் காய்ச்சல், மருத்துவச் செலவு’ன்னு எழுதினது நான்தான். ஊக்குநரா இருந்து இத்தனை வருஷத்துல அந்தப் புத்தகத்துல நான் எழுதின ஒரே பொய் அது. குடிக்கு எதிரா ரோட்டுல உட்கார்ந்தவ பையன் குடிச்சுட்டு ஆஸ்பத்திரியில கிடந்தான்னு எந்த வாயால சொல்றது?

மூணு மாசம் கழிச்சு, பொங்கலுக்கு முந்தின கூட்டத்துல தாங்க முடியாம சொல்லிட்டேன். புத்தகத்துல அந்த வரியை அடிச்சுத் திருத்தி எழுதுங்கன்னேன். கொஞ்ச நேரம் யாரும் பேசலை. அப்புறம் ஒரு அக்கா முந்தானையால கண்ணைத் துடைச்சுக்கிட்டு, “என் பையன் பைக்குல விழுந்தான்னு சொன்னேனே, அதுவும் இதுதான்”னாங்க. எதிர்ல இருந்த தங்கச்சி, தன் பொண்ணு விடுதியில இதே மாதிரி ஒரு பிரச்சினைன்னு சொல்லிச்சு. எங்க குழுவுல 14 பேர். அதுல ஆறு வீட்டுப் பிள்ளைங்க கல்லூரியில படிக்குதுங்க. மூணு வீட்டுல இது நடந்திருக்கு. மூணு பேரும் பக்கத்துல பக்கத்துல உட்கார்ந்து சேமிப்புப் பணம் கட்டிட்டு, ஒருத்திகிட்ட ஒருத்தி சொல்லாம எழுந்து போயிருக்கோம்.

பொங்கல் லீவுல பிள்ளைங்க ஊருக்கு வந்திருந்தப்ப, அக்கம்பக்கத்துப் பிள்ளைங்களையும் சேர்த்து ஒன்பது பேரைக் கூப்பிட்டு உட்கார வச்சோம். புத்தி சொல்லக் கூடாது, கேட்கறது மட்டும்தான் நம்ம வேலைன்னு முடிவு பண்ணிக்கிட்டோம். வாயைக் கட்டி உட்கார்ந்திருக்கிறது ரொம்பக் கஷ்டமா இருந்தது. ஆனா அன்னைக்குக் கத்துக்கிட்டது நிறைய.

முதல் விஷயம், பிள்ளைங்க குடிக்கிற மாதிரி வேற, நம்ம வீட்டுக்காரங்க குடிக்கிற மாதிரி வேற. அப்பா தினமும் குடிக்கிறார். பிள்ளை மாசத்துல ரெண்டு நாள் குடிக்குது, ஆனா குடிக்கிற அன்னைக்கு மொத்தமா குடிக்குது. பிறந்த நாள் ட்ரீட், பரீட்சை முடிஞ்ச சனிக்கிழமை, சீனியர் கொடுக்கிற பார்ட்டி, மேட்ச் ஜெயிச்ச ராத்திரி. ஆளுக்கு இவ்வளவுன்னு காசு போட்டு வாங்குவாங்க. காசு போட்டாச்சேன்னு மிச்சம் வைக்காம முடிப்பாங்க. விடுதிக் கதவு பூட்டறதுக்குள்ள முடிக்கணும்னு வேகமா குடிப்பாங்க. சரக்குக்குக் காசு போனதால சாப்பாட்டுக்கு இருக்காது, வெறும் வயித்துல குடிப்பாங்க. கசப்பு தெரியாம இருக்க கலர்ல கலப்பாங்க. அதனால எவ்வளவு உள்ள போச்சுன்னே தெரியாது. மறுவாரம் குளிச்சு, தலை சீவி, ஊருக்கு வரும்போது அம்மாவுக்கு என்ன தெரியும்? நாம வாடை வருதான்னு பார்க்கிறோம். அது அப்பாவுக்குப் பார்க்கிற அடையாளம்.

ரெண்டாவது, இது பெரும்பாலும் ஆசையில தொடங்கறது இல்லை, தனியா ஆயிடுவோமோங்கிற பயத்துல தொடங்குது. புது ஊர், புது மொழி வழக்கு, கிளாஸ்ல பாதி இங்கிலீஷ். யாரையும் தெரியாது. முதல் ஒரு மாசத்துலதான் யார் யார்கூடச் சேர்றதுன்னு முடிவாகுது. அந்த நேரத்துல “வாடா”ன்னு கூப்பிடறவன் கூடப் போகாம இருக்கிறது சின்ன விஷயம் இல்லை. இது நம்ம ஊர்ல மட்டும் இல்லை. அமெரிக்காவுல மதுப் பழக்கத்தை ஆராயற அரசு நிறுவனமே, கல்லூரியின் முதல் ஆறு வாரம்தான் ரொம்ப ஆபத்தான காலம்னு எச்சரிக்குது. என் பையனுக்கு நடந்தது அஞ்சாவது வாரம்.

மூணாவது, “எல்லாரும் குடிக்கிறாங்கம்மா”ங்கிற பேச்சு. அன்னைக்கு ஆளுக்கு ரெண்டு சீட்டு கொடுத்தோம், பேர் எழுத வேண்டாம்னு சொன்னோம். உன் வகுப்புல எத்தனை பேர் குடிப்பாங்கன்னு ஒண்ணுல எழுதச் சொன்னோம். பெரும்பாலும் ‘பாதிக்கு மேல’ன்னு எழுதியிருந்தாங்க. நீ குடிச்சிருக்கியான்னு இன்னொண்ணுல கேட்டோம். ஒன்பது பேர்ல மூணு பேர்தான் ஆமான்னு எழுதியிருந்தாங்க. பிள்ளைங்களே ஒருத்தரை ஒருத்தர் பார்த்துக்கிட்டாங்க. குடிக்கிறவன் சத்தம் போடறான், குடிக்காதவன் பேசாம தூங்கப் போயிடறான். அதனால குடிக்கிறவன் கூட்டம் பெரிசா தெரியுது. நாட்டுக் கணக்கும் இதைத்தான் சொல்லுது. 2019-21 தேசியக் குடும்ப நல ஆய்வுப்படி தமிழ்நாட்டுல 15 வயசுக்கு மேற்பட்ட ஆண்கள்ல நூத்துக்குச் சுமார் 25 பேர் குடிக்கிறாங்க. அது பெரிய எண்ணிக்கைதான். ஆனா மீதி 75 பேர் குடிக்கலைங்கிறதையும் பிள்ளைக்குச் சொல்லணும்.

நாலாவது நான் கேட்க விரும்பாத ஒண்ணு. என் மகன் எங்க எல்லாரையும் பார்த்துச் சொன்னான். “அப்பாவுக்குத் தண்ணி பாக்கெட்டும் சுண்டலும் வாங்கிட்டு வரச் சின்ன வயசுல இருந்து என்னைத்தானே அனுப்புவீங்க? அப்ப அது தப்புன்னு யாரும் சொல்லலையே.” அனுப்பினது அவர். தடுக்காதது நான்.

இப்ப ஒரு கணக்கு. நமக்குக் கணக்குதான் நல்லா புரியும். ஒரு குவார்ட்டர்ங்கிறது 180 மில்லி. பிராந்தி, ரம் மாதிரி சரக்குல நூத்துக்கு 42.8 பங்கு சாராயம். அப்படின்னா ஒரு குவார்ட்டர்ல சுமார் 60 கிராம் சாராயம். மருத்துவர்கள் 10 கிராமை ஒரு அளவுன்னு வச்சிருக்காங்க. ஆக ஒரு குவார்ட்டர் ஆறு அளவு. நம்ம கல்லீரல் ஒரு மணி நேரத்துக்குச் சுமார் ஒரு அளவைத்தான் கழிக்கும். வட்டி மாதிரிதான், வேகமா கட்டறேன்னு சொன்னாலும் அது வாங்கிக்காது. மோர், எலுமிச்சை, கறுப்புக் காபி, பச்சைத் தண்ணிக் குளியல் எதுவும் அதை வேகப்படுத்தாது. கொஞ்ச நேரத்துக்குள்ள நிறையக் குடிச்சா அதை ஆபத்தான குடின்னு சொல்றாங்க. ஸ்ட்ராங் பீர் ஒரு பெரிய பாட்டில்ல நாலு அளவு இருக்கும். ‘பீர் ஒண்ணும் பண்ணாது’ங்கிற பேச்சும் தப்பு. மூளை 25 வயசு வரைக்கும் வளர்ந்துக்கிட்டு இருக்கு. சின்ன வயசுல தொடங்கினவங்களுக்கு அடிமையாகிற வாய்ப்பும் அதிகம்.

யாராவது குடிச்சு மயங்கிக் கிடந்தா என்ன பண்ணணும்னு எல்லாரும் தெரிஞ்சுக்கணும், பிள்ளைங்களுக்கும் சொல்லிக் கொடுக்கணும். தட்டி எழுப்பினாலும் எழுந்திருக்கலைன்னா, மயக்கத்துல வாந்தி எடுத்தா, மூச்சு நிமிஷத்துக்கு எட்டுக்கும் கீழ போனா, உடம்பு ஜில்லுன்னு உதடு நீலமானா, தூங்கி எழுந்தா சரியாகிடும்னு விடக் கூடாது. உடனே 108. வண்டி வர்ற வரைக்கும் மல்லாக்கப் படுக்க வைக்காம ஒருக்களிச்சுப் படுக்க வைக்கணும். வாயில எதையும் ஊத்தக் கூடாது. தனியா விட்டுட்டுப் போகவும் கூடாது.

சட்டமும் தெரிஞ்சிருக்கணும். தமிழ்நாட்டுல 21 வயசு ஆகாதவங்களுக்கு மது விற்கக் கூடாது. கல்லூரியில சேரும்போது பிள்ளைக்கு 17, 18தான். 18 நிறையாத பிள்ளைக்கு மது கொடுத்தா, இளைஞர் நீதிச் சட்டத்துல 7 வருஷம் வரைக்கும் சிறைத் தண்டனை இருக்கு. சீனியர் கட்டாயப்படுத்திக் குடிக்க வச்சா அது ராகிங். அதுக்கு 1997-லயே தமிழ்நாட்டுல தனிச் சட்டம் வந்தாச்சு. பல்கலைக்கழக மானியக் குழுவோட ராகிங் புகார் எண் 1800-180-5522. மனசு விட்டுப் பேசணும்னா 14416 இருக்கு, தமிழ்லயே பேசலாம்.

சட்டம் வேண்டாம்னு நான் சொல்லலை. 1992-ல் நெல்லூர் மாவட்டம் தூபகுண்டாவுல எழுத்தறிவு வகுப்புக்குப் போன பெண்கள் சாராயக் கடையை மூட வச்சாங்க. அது ஆந்திரா முழுக்கப் பரவி, 1993-ல் சாராயத்துக்குத் தடை, 1995-ல் முழு மதுவிலக்கு. 1997-லயே அதைத் தளர்த்திட்டாங்க. கடைக்காகப் போராடறதை நாம விடக் கூடாது. ஆனா கடை மூடற வரைக்கும் வீட்டுல பேச்சை மூடி வைக்கக் கூடாது.

எங்க குழு அஞ்சு தீர்மானம் போட்டிருக்கு. கூட்டமைப்பும் இதை எடுத்துக்கணும்னு கேட்டுக்கிறேன்.

ஒண்ணு, கல்லூரிக்கோ வெளியூர் வேலைக்கோ போகிற பிள்ளை, ஆணோ பெண்ணோ, பெட்டி கட்டறதுக்கு முன்னாடி ஒரு மணி நேரம் உட்கார்ந்து இதைப் பேசணும். மிரட்டல் கூடாது.

ரெண்டு, ‘நடுராத்திரி வாக்கு’. எந்த நிலைமையில இருந்தாலும் எந்த நேரமும் கூப்பிடலாம், அன்னைக்கு ராத்திரி ஒரு கேள்வியும் கேட்க மாட்டோம்னு வாக்குக் கொடுக்கணும். கேள்வியெல்லாம் மறுநாள்.

மூணு, முதல் ஆறு வாரம் தினமும் பேசணும். ‘சாப்பிட்டியா’வோட நிறுத்தாம, யார்கூடச் சாப்பிட்டே, யார் உன் சிநேகிதன்னு கேட்கணும். ரூம்மேட் நம்பரும் அவங்க அம்மா நம்பரும் நம்மகிட்ட இருக்கணும்.

நாலு, பிள்ளையைக் கடைக்கோ, தண்ணி பாக்கெட்டுக்கோ அனுப்பக் கூடாது.

அஞ்சு, இந்த மாதிரிச் செலவுக்குக் குழுவுல கடன் கேட்டா, உள்ளதைச் சொல்லிக் கேட்கலாம். கேட்டவங்களைப் பத்தி வெளிய பேசினா அபராதம்.

என் மகன் இப்ப ரெண்டாம் வருஷம். ரெண்டு பாடத்துல அரியர் வச்சான், ஒண்ணை எழுதி முடிச்சுட்டான். வீட்டுக்காரர் குடியை விட்டுட்டாரான்னு கேட்பீங்க. விடலை. ஆனா பாட்டில் வீட்டுக்கு வர்றது நின்னிருக்கு, மாவட்ட மருத்துவமனையில மனநல டாக்டரைப் போய்ப் பார்க்க ஒத்துக்கிட்டிருக்கார். அடுத்த வருஷம் இந்த மேடையில அதைச் சொல்ல முடியுமான்னு தெரியலை.

போன மார்ச் மாசம் ஒரு ராத்திரி மகன் போன் பண்ணினான். “அம்மா, இன்னைக்கு ஒருத்தனுக்குப் பர்த்டே. நான் அரை கிளாஸ் பீர் குடிச்சேன். அதுக்கு மேல வேண்டாம்னு ரூமுக்கு வந்துட்டேன். உங்ககிட்ட சொல்லணும்னு தோணுச்சு.” எனக்குக் கோபம் உச்சந்தலைக்கு ஏறுச்சு. வாக்கு கொடுத்திருக்கேனே. “சரிப்பா, சாப்பிட்டுட்டுப் படு, காலையில பேசலாம்”னு வச்சுட்டேன். அன்னைக்கு எனக்குத் தூக்கம் வரலை. ஆனா அந்த முதல் ராத்திரி மாதிரி இல்லை இது. இந்தத் தடவை போன் பண்ணினது ரூம்மேட் இல்லை, என் மகனே பண்ணினான்.

வீட்டுக்குப் போனதும் உங்க பிள்ளைக்கு ஒரு போன் போடுங்க.